லேசாகிப் போன ஸ்டியரிங்

காவல் நிலையத்து முற்றத்தில், வேப்பமரத்தடியில், அந்தச் சிவப்பு டிராக்டர் நின்றுகொண்டிருந்தது. அதன் மூக்கில் வாடிய சாமந்தி மாலை ஒன்று இன்னும் தொங்கியது. பக்கத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள் எனக்கு ஸ்டியரிங் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

நான் ஸ்டியரிங் சக்கரத்தைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்தேன். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, இணைப்புக் கம்பியைக் கையால் அசைத்துப் பார்த்தேன். மண் சுட்டது. முழங்காலில் வேப்பங்கொட்டை குத்தியது.

"சக்கரத்துல ஒண்ணும் கோளாறு இல்லேப்பா. பிடிச்சவன் கையில கோளாறு" என்றார் வண்டியின் சொந்தக்காரர் தணிகாசலம்.

"கையிலயும் இல்லே. கையை ஏவி விட்டவங்க மனசுல" என்றார் எதிர்ப் பெஞ்சில் இருந்த சுப்பராமய்யா.

இரண்டு பேரும் இரண்டு கட்சி. ஊரை இரண்டாகக் கிழித்து வைத்திருந்தவர்கள். ஆனால் உள்ளே கம்பிக்குப் பின்னால் குந்தியிருந்த டிரைவர் முனிரத்தினம்தான் குற்றவாளி என்பதில் அவர்களுக்குள் துளிகூட வேற்றுமை இல்லை.

முனிரத்தினத்தின் இடது கன்னம் வீங்கியிருந்தது. யார் கேட்டாலும் அவன் ஒரே பதிலைத்தான் சொன்னான். எனக்காக இன்னொரு முறை சொன்னான்.

"ஸ்டியரிங்கு லேசாப் போச்சி மேஸ்திரி. நான் இந்தாண்ட திருப்பறேன், வண்டி பாட்டுக்கு நேரா போய்க்கினே கீது."

சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். தெலுங்குக்காரர். எங்கள் பக்கத்துக்கு வந்து தமிழை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டவர். "இறுகிப் போச்சி அண்டே, போச்சின்னா, நான் நம்புறேன். லேசா ஆச்சாம். லேசா அயிதே மஞ்சிதே கதா? நல்லதுதானே?"

முற்றமே சிரித்தது. ஸ்டியரிங் இறுகிவிட்டால் வண்டி திரும்பாது, சரி. லேசாகிவிட்டால் எப்படித் திரும்பாமல் போகும்? அவர்கள் சிரித்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த நிமிஷத்தில் எனக்கும் பதில் தெரியவில்லை என்பது அதைவிடப் பெரிய எரிச்சல்.

எல்லா நோய்க்கும் ஒரே பெயர்

நான் அப்போது திருப்பதியில் ஒரு டிராக்டர் கடையில் மெக்கானிக். பிறந்தது விஜயபுரம் பக்கம். வீட்டில் நெல்லும் வேர்க்கடலையும் பயிர். சித்தூரில் தொழில் படித்துவிட்டு, ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கடையில் சேர்ந்தேன்.

டிராக்டர் அப்போது அபூர்வப் பொருள். பெரிய பெரிய மரப்பெட்டிகளில் பகுதி பகுதியாக வரும். பெட்டியைப் பிரித்தால் கிரீஸ் வாசனையும் பச்சைப் பலகை வாசனையும் சேர்ந்து வரும். மலையிலிருந்து மொட்டையடித்துக்கொண்டு இறங்கும் பக்தர்கள் கடை வாசலில் நின்று, தலையில் சந்தனம் காயாமலே, டிராக்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். அவர்கள்தான் எங்கள் கடைக்கு வந்ததிலேயே தொந்தரவு தராத கூட்டம்.

எங்கள் முதலாளிக்கு டிராக்டரில் எந்தப் பக்கம் எண்ணெய் ஊற்றுவது என்று தெரியாது. ஆனால் என்ன நோய் என்று சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா? டிரைவர் சரியில்லை. ஸ்டியரிங் ஆடுகிறதா? டிரைவர் சரியில்லை. வண்டி கிளம்பவே இல்லையா? அதற்கும் டிரைவர்தான்.

வாங்கியவருக்கும் அது வசதியாக இருந்தது. பெரிய பணம் கொடுத்து வாங்கிய பொருளில் கோளாறு என்று ஒப்புக்கொள்வதைவிட, கூலிக்கு இருப்பவனைத் திட்டுவது சுலபம். நாங்கள் விற்ற வண்டிகள் எல்லாம் உத்தமமானவை. ஓட்டியவர்கள் எல்லாம் அயோக்கியர்கள். இப்படித்தான் அந்தக் கடை நடந்தது.

சந்தனமும் குங்குமமும்

புத்தூர்ப் பக்கத்து மிராசுதார் ஒருவர் நினைவுக்கு வருகிறார். அவர் வண்டியில் ஸ்டியரிங் கல்லாக இறுகிவிட்டது. அடுத்தடுத்து டிரைவர்களை மாற்றிவிட்டார். ஒவ்வொருவனும் சோம்பேறி, சோறு துன்னாதவன் மாதிரி பிடிக்கிறான் என்று திட்டு.

நான் போய்ப் பார்த்தேன். முன்சக்கரத்தைத் தாங்குகிற முளையில் கிரீஸ் அடிப்பதற்கு ஒரு சின்னக் காம்பு இருக்கும். மனிதருக்குப் பக்தி அதிகம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும், ஒவ்வொரு வெள்ளிக்கிழமைக்கும், வண்டியில் துருத்திக்கொண்டிருக்கிற இடத்துக்கெல்லாம் சந்தனம் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருக்கிறார். காம்புகள் எல்லாம் அடைத்துப் போய், உள்ளே ஒரு சொட்டு கிரீஸ் இறங்கவில்லை. இரும்பும் இரும்பும் உராய்ந்து தேய்ந்து கிடந்தன.

ஊசியால் குத்தி எடுத்துக் காட்டினேன். பார்த்துவிட்டு, "பொட்டு வைக்கிறதும் டிரைவர் வேலைதான்" என்றார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஸ்டியரிங்கில் வரும் நோய்கள் நாலைந்துதான். டயரில் காற்று ஏற்றத்தாழ்வாக இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இணைப்புகள் தேய்ந்தால் சக்கரம் ஆடும். கிரீஸ் இல்லாவிட்டால் இறுகும். பொறுமையாக ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தால் அகப்பட்டுவிடும். அகப்படாமல் போவது அந்த வண்டியைச் சுற்றி நிற்கிற மனிதர்களால்தான்.

இரண்டு தலைவர்கள்

ஆந்திரா தனி மாநிலமாகப் போன பிறகு, எங்கள் பக்கத்து ஊர்கள் யாருக்கு என்கிற சண்டை கொஞ்ச காலம் ஓயாமல் நடந்தது. திருத்தணி யாருக்கு, புத்தூர் யாருக்கு, சித்தூர் யாருக்கு. ஊர்ப் பலகைகளில் இன்றைக்கு ஒரு மொழி மேல் தார் பூசியிருக்கும். நாளைக்கு இன்னொரு மொழி மேல்.

சண்டையில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளை எந்த மொழியில் படிப்பது, தாலுகா ஆபீஸில் எந்த மொழியில் பேசுவது என்பதெல்லாம் சின்ன விஷயம் அல்ல. உண்மையாகவே கவலைப்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் மேடையில் ஏறவில்லை. ஏறியவர்கள் தணிகாசலமும் சுப்பராமய்யாவும்.

விஜயபுரத்துக்கு அப்பால் உள்ள அந்த ஊரில் தணிகாசலம் தமிழ்க் கட்சி. நிலம், தோப்பு, டிராக்டர் எல்லாம் அவருக்கு இருந்தது. அவர் வீட்டுக்குள் பேசுவது பாதிக்கு மேல் தெலுங்கு. சுப்பராமய்யா ஆந்திரக் கட்சி. எண்ணெய் மில் வைத்திருந்தார். அவர் மனைவி திருவள்ளூர்ப் பெண். அந்த வீட்டில் சமையலறையில் தமிழ்தான் ஓடியது. இரண்டு பேரும் வேர்க்கடலை வியாபாரத்தில் கூட்டாளிகள். அந்தக் கூட்டு மட்டும் எந்த ஊர்வலத்திலும் உடையவில்லை.

பின்னாளில் எல்லைக்கோடு போட்டார்கள். திருத்தணி தமிழ்ப் பக்கம் போயிற்று. இந்த ஊர் ஆந்திராவிலேயே நின்றது. அடுத்த சுதந்திர தினத்தில் தணிகாசலம் கொடியேற்றித் தெலுங்கில் பேசினார். நல்ல தெலுங்கு. நானே கேட்டேன்.

அலமேலு சொன்னது

முனிரத்தினத்தின் மனைவி அலமேலு கடைக்கு வந்தது ஒரு காலை நேரம். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். புடவை முந்தானையில் பஸ் தூசி. வாசலில் நின்று உள்ளே இருந்த எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, என்னிடம் நேராக வந்தாள்.

"அண்ணா, வண்டிக்கு இன்னா நோவுன்னு பாக்கறவரு நீங்கதானாமே. எங்க ஊட்டுக்காரரு உங்களத்தான் இட்டாரச் சொன்னாரு."

முதலாளி அவளை வெளியே நிற்கச் சொன்னார். அவள் நகரவில்லை. அதற்குள் தணிகாசலத்தின் ஆளும் வந்துவிட்டான். வண்டியில் கோளாறு இல்லை என்று கடைக்காரர்கள் வந்து போலீஸில் சொல்ல வேண்டும் என்று அவன் கேட்டான். முதலாளிக்கு முகம் மலர்ந்தது.

"போயிட்டு வா. வண்டி உத்தமம்னு சொல்லு. டிரைவர் சரியில்லேன்னு சொல்லு. வேற ஒண்ணும் நீ பேசத் தேவையில்லே" என்றார்.

பஸ்ஸில் அலமேலு நடந்ததைச் சொன்னாள். தணிகாசலம் ஊர்வலம் நடத்தினார். டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லர், அதில் மைக், ஒலிபெருக்கி, வாழைமரம், ஏற முடிந்தவர்கள் அத்தனை பேரும். தலைவருக்குப் பக்கத்தில் நின்றால்தான் போட்டோவில் விழலாம் என்று எல்லோரும் டிரெய்லரின் முன்பக்கத்தில் நெருக்கியடித்து நின்றார்கள். மட்கார்டில் இரண்டு பக்கமும் ஆட்கள்.

ஏரிக்கரை ஏற்றத்துக்கு முன்னால் முனிரத்தினம் வண்டியை நிறுத்தி, கொஞ்சம் பேர் இறங்கி நடக்கச் சொல்லியிருக்கிறான்.

"அய்யா மைக்கிலயே சொன்னாரு, நிக்காத, போய்க்கினே இருன்னு. ஊருக்கே கேட்டுச்சி. இப்பக் கேட்டா ஒருத்தருக்கும் காதுல உழலியாம்."

ஏற்றத்தின் மேல் சுப்பராமய்யாவின் கட்சிக்காரர்கள் போட்டிக்கு மோர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். ரோட்டின் மேலேயே, பாதியை அடைத்துக்கொண்டு. வண்டி ஏறி வந்தது, ரோடு வலப்பக்கம் வளைந்தது, வண்டி வளையவில்லை. நேராகப் பந்தலுக்குள் போய்விட்டது. மோர்ப் பானைகள் உடைந்தன. எல்லோரும் ஓடித் தப்பிவிட்டார்கள். வெங்கடய்யா மட்டும் தப்பவில்லை. கால் எலும்பு முறிந்தது.

வெங்கடய்யா சின்னதாக வேர்க்கடலை போடுகிற தெலுங்குக் குடியானவர். எந்தக் கட்சியும் இல்லை. வெயிலுக்கு மோர் கொடுக்கிறார்கள் என்று குடிக்க வந்தவர். இப்போது அவர் புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொண்டு கிடக்கிறார். சுப்பராமய்யா அவரைத் தியாகி என்று பேசினார். ஆந்திரக் கட்சியில் காசு வாங்கிக்கொண்டு முனிரத்தினம் எங்கள் ஊர்வலத்தைக் கெடுத்தான் என்று தணிகாசலம் பேசினார். தணிகாசலம் ஏவித்தான் முனிரத்தினம் மோதினான் என்று சுப்பராமய்யா பேசினார். வெங்கடய்யாவின் கொல்லையை யார் உழுவது என்று யாரும் பேசவில்லை.

"நான் அவங்க ஊட்டுக்குப் போனேன் அண்ணா. கஞ்சி எத்துக்கினு போனேன். அவரு பொஞ்சாதி கதவத் தொறக்கல." சொல்லிவிட்டு அலமேலு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முன்னால் பார்த்தவர்கள்

இப்போது அந்த முற்றத்துக்குத் திரும்புகிறேன்.

இணைப்புக் கம்பியில் கொஞ்சம் ஆட்டம் இருந்தது. உழவு வண்டிகளில் எல்லாம் இருக்கிற ஆட்டம்தான். வாயைத் திறந்து சொன்னேன். உடனே தணிகாசலம் பெஞ்சை விட்டு எழுந்தார்.

"பாத்தீங்களா சார்? வண்டியிலதான் கோளாறு. கடைக்காரன் எனக்குப் புது வண்டி குடுக்கணும்."

ஒரு நொடி முன்னால் டிரைவர் கையில் கோளாறு என்றவர் அவர்தான். அந்த ஆட்டத்தால் வண்டி நேராக ஓடிப் பந்தலில் புகாது என்றேன். "அப்படின்னா டிரைவர்தான்" என்று உட்கார்ந்துவிட்டார்.

டயரில் காற்று சரியாக இருந்தது. முளையில் கிரீஸ் இருந்தது. முன் அச்சு வளையவில்லை. நான் தெரிந்ததையெல்லாம் பார்த்துவிட்டேன். ஒன்றும் அகப்படவில்லை. நிலையத்துக்குள் போய், முனிரத்தினம் இருந்த கம்பிக்கு வெளியே உட்கார்ந்தேன்.

"முனிரத்தினம், லேசாச்சின்னியே. எங்க லேசாச்சி?"

"ஏத்தத்துல. கீழ கீற வரைக்கும் நல்லாத்தான் வந்துச்சி. ஏத்தத்துல மூக்குத் தூக்கற மாதிரி இருந்துச்சி. அப்பால ஸ்டியரிங்கு பஞ்சு மாதிரி."

"இதுக்கு முன்னால அந்த ஏத்தத்துல பாரம் ஏத்திக்கினு போயிருக்கியா?"

"எரு மூட்டை, நெல்லு மூட்டை எல்லாம் போயிருக்கேன். ஒண்ணும் ஆகல. கொக்கி மாத்தனது மட்டும் இப்பதான்."

எழுந்து வண்டியின் பின்பக்கம் போனேன். அதுவரை அந்த முற்றத்தில் யாரும் பின்பக்கம் பார்க்கவில்லை. நானும்தான். ஸ்டியரிங் கோளாறு என்றால் எல்லோரும் முன்சக்கரத்தையே பார்ப்பார்கள்.

டிரெய்லரை இழுக்கிற கொக்கி, பின் அச்சுக்குக் கீழே தாழ்வாக இருக்க வேண்டும். அதை அங்கே வைத்தவன் காரணத்தோடுதான் வைத்தான். இந்த வண்டியிலோ இரும்புத் துண்டு ஒன்றைப் புதிதாக அடித்து, கொக்கியை நல்ல உயரத்துக்கு ஏற்றியிருந்தார்கள். வர்ணம் பூசாத பச்சை இரும்பு, வெல்டிங் தழும்பு இன்னும் பளபளத்தது.

"இது யாரு பண்ணது?" என்று கேட்டேன்.

"டிரெய்லர் மேடை முன்னால சரிஞ்சிக்கினு இருந்துச்சி. நின்னு பேச வாட்டமா இல்லே. நான்தான் உசத்தச் சொன்னேன்" என்றார் தணிகாசலம் பெருமையாக.

பாரத்தை உயரத்தில் மாட்டி இழுத்தால் அது வண்டியைப் பின்னால் மல்லாத்தப் பார்க்கும். டிரெய்லரில் கூட்டமெல்லாம் முன்பக்கம் நின்றால் கொக்கியின் மேல் இன்னும் அழுத்தும். ஏற்றத்தில் போனால் கேட்கவே வேண்டாம். மூக்குத் தூக்கிக்கொள்ளும். முன்சக்கரம் மண்ணில் அழுந்தாமல் தடவிக்கொண்டு போகும். அப்போது ஸ்டியரிங் லேசாகத்தான் இருக்கும். சக்கரம் திரும்பும், வண்டி திரும்பாது.

முனிரத்தினம் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

யாரும் ஏறாத வண்டி

சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். நம்பவில்லை. ஆனால் மேலதிகாரிகள் அவரைத் தினமும் குடைந்துகொண்டிருந்தார்கள். ஏதாவது ஒரு முடிவு அவருக்கு வேண்டும். அதனால் வண்டியை ஏரிக்கரைக்குக் கொண்டு வரச் சம்மதித்தார்.

மறுநாள் காலை ஊரே ஏற்றத்தில் கூடிவிட்டது. முனிரத்தினத்தையும் ஒரு போலீஸ்காரர் அழைத்து வந்து ஓரமாக நிறுத்தியிருந்தார்.

"அன்னிக்கு டிரெய்லர்ல ஏறினவங்க எல்லாம் அதே மாதிரி ஏறுங்க. மெதுவாத்தான் ஓட்டுவேன்" என்றேன்.

ஒருவரும் ஏறவில்லை.

ஊர்வலம் நடந்த அன்று சாயங்காலம் டீக்கடையில் ஒவ்வொருவரும் தலைவருக்குப் பக்கத்தில் நின்றேன், தோளில் கை போட்டேன் என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது ஒருவர் நடந்து வந்தாராம். ஒருவர் சைக்கிளில் வந்தாராம். ஒலிபெருக்கி கட்டியவர் அன்றைக்கு ஊரிலேயே இல்லையாம். இன்னும் கொஞ்சம் விட்டால் தணிகாசலமே வீட்டில் படுத்திருந்ததாகச் சொல்லியிருப்பார்.

"பாத்தீங்களா அண்ணா? அன்னிக்கு வண்டி காலியாத்தான் போயிருக்குது" என்றாள் அலமேலு, எல்லோர் காதிலும் விழும்படி.

கடைசியில் சுப்பராமய்யா தன் மில்லிலிருந்து வேர்க்கடலை மூட்டைகளைக் கொடுத்தார். கூட்டாளி மாட்டிக்கொள்வதைப் பார்க்கிற ஆசைதான். மூட்டைகளை டிரெய்லரின் முன்பக்கத்தில், ஆட்கள் நின்ற இடத்தில், அடுக்கினோம்.

நான் வண்டியில் ஏறினேன். எனக்கும் பயம்தான். ஏற்றத்தில் பாதி போனதும் முனிரத்தினம் சொன்னது கைக்கு வந்தது. ஸ்டியரிங்கில் உயிர் போய்விட்டது. ஒரு விரலால் வலப்பக்கம் முழுக்க ஒடித்தேன். முன்சக்கரங்கள் வலப்பக்கம் பார்த்தன; வண்டி நேராகவே ஊர்ந்தது. சக்கரம் உருளாமல், துருத்திய சரளைக்கற்களை மட்டும் சீவிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. உடனே பிரேக்கை மிதித்து நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கல் வைக்கச் சொன்னேன்.

சப்-இன்ஸ்பெக்டரை ஏறிப் பார்க்கச் சொன்னேன். ஏறினார். முந்தின நாள் முற்றத்தில் நான் இரண்டு கையாலும் முக்கித் திருப்பிய ஸ்டியரிங் இப்போது அவர் சுண்டுவிரலுக்கே சுழன்றது.

"எந்த பாகுந்தி. எவ்வளவு நல்லா திரும்புது" என்றார்.

"இப்ப எறங்கி சக்கரத்தைப் பாருங்க சார்."

இறங்கினார். குனிந்து பார்த்தார். கையில் இருந்த பிரம்பை முன்சக்கரத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் விட்டார். பிரம்பு இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது. கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

பிரம்பைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தார். "கொக்கி உசத்துனது எவரு? ஆளுங்கள ஏத்துனது எவரு? பந்தல் ரோட்டு மேல வேசினது, போட்டது எவரு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

தணிகாசலம் ஏரித் தண்ணீரைப் பார்த்தார். கடைசிக் கேள்வி வந்ததும் சுப்பராமய்யாவும் அதே தண்ணீரைப் பார்த்தார்.

சமாதானம்

அன்று மத்தியானமே இரண்டு கட்சிக்கும் சமாதானம் ஆகிவிட்டது. எல்லை விவகாரத்தில் எத்தனையோ பெரிய மனிதர்கள் வந்து பேசியும் ஆகாதது, ஒரு பிரம்பு சக்கரத்துக்கு அடியில் போனதும் ஆகிவிட்டது. யார் மேலும் யாருக்கும் புகார் இல்லை, வண்டியில் ஏதோ கோளாறு, அவ்வளவுதான் என்று இரண்டு பேரும் சேர்ந்து போய்ச் சொன்னார்கள்.

முனிரத்தினத்தை விட்டுவிட்டார்கள். நீ தப்பு செய்யவில்லை என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. வீங்கின கன்னத்துக்கும் யாரும் பொறுப்பில்லை. "ஜாக்கிரதையா ஓட்டு" என்று புத்தி சொல்லி அனுப்பினார்கள்.

வண்டிக் கோளாறு என்று முடிந்ததில் எங்கள் முதலாளி கோபத்தில் குதித்தார். டிரைவர் சரியில்லை என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல உனக்கு வாய் வலிக்குமா என்று கேட்டார். கொஞ்ச நாளில் நான் அந்தக் கடையை விட்டு, சித்தூரில் வேறு வேலைக்குப் போய்விட்டேன். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை.

மூலை

கடையை விடுவதற்கு முன்னால் ஒரு முறை அந்த ஊருக்குப் போனேன். கொக்கியைப் பழைய இடத்துக்கு இறக்கி மாட்ட வேண்டியிருந்தது. நான் போன அன்று காலையில்தான் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. மண் ஈரம் காய்வதற்குள் கடலை விதைத்தாக வேண்டும். ஊரில் டிராக்டர் ஓட்டத் தெரிந்தவன் முனிரத்தினம் ஒருவன்தான். தணிகாசலம் ஆள்மேல் ஆள் அனுப்பியும் அவன் வராமல் இருந்து, அப்போதுதான் வந்திருந்தான். அலமேலுவும் கூட வந்திருந்தாள்.

"ஓட்றேன். மொதல்ல வெங்கடய்யா கொல்லை. அப்பாலதான் உங்கள்து" என்றான் முனிரத்தினம்.

தணிகாசலத்தின் முகம் கறுத்தது. அந்த வீட்டில் பண்ணையாளாக இருந்தவரின் மகன் இவன். இவன் நைனா அந்த வாசலில் தலை நிமிர்ந்து பேசியிருக்கமாட்டார்.

"என் வண்டியில அந்தக் கட்சிக்காரன் கொல்லைய உழுவணுமா?"

"அவரு எந்தக் கட்சியும் இல்லே. மோர் குடிக்க வந்தவரு."

தணிகாசலம் என்னைப் பார்த்தார். நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வானத்தைப் பார்த்தார். மேகம் கலைந்து வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "போ" என்றார்.

வெங்கடய்யாவைக் கட்டிலோடு தூக்கி வந்து கொல்லை ஓரத்தில் புங்கமரத்தடியில் போட்டிருந்தார்கள். காலில் மூங்கில் பத்தை வைத்த கட்டு. அவர் மனைவி விதைக்கூடையோடு நின்றாள். அலமேலு அவளிடம் போகாமல், வரப்பின் மறுகோடியில் நின்றுகொண்டாள். முனிரத்தினம் ஒருவரையும் பார்க்காமல் கலப்பையை இறக்கினான்.

ஈரமண் புரண்டு வாசனை எழுந்தது. கொக்குகள் பின்னால் இறங்கின. போவதும் வருவதுமாக அவன் உழுதுகொண்டே இருந்தான். ஒவ்வொரு முறையும் கட்டிலைத் தாண்டும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். மோதின நாளிலிருந்து அவனும் வெங்கடய்யாவும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

உழுது முடித்து, கலப்பையைத் தூக்கிவிட்டு, வண்டியை வெளியே திருப்பினான். அப்போது வெங்கடய்யா கட்டிலில் முழங்கையை ஊன்றி எழுந்தார்.

"முனிரத்னம்" என்று கூப்பிட்டார்.

எஞ்சின் சத்தம் தணிந்தது.

வெங்கடய்யா கையை நீட்டி, வேலிப் பக்கம் ஒரு முக்கில் உழாமல் கிடந்த சின்னத் துண்டைக் காட்டினார். "ஆ மூல வதிலேசாவு." அந்த மூலையை விட்டுவிட்டாய் என்றார். பக்கத்துக் கொல்லைக்காரனிடம் தினமும் குறை சொல்கிற அதே குரல்.

முனிரத்தினம் கட்டிலைப் பார்த்தான். அந்த மூலையைப் பார்த்தான். "உழுதிட்றேன்" என்றான். வண்டியைப் பின்னுக்கு எடுத்து, வேலி முள் முதுகில் உரச, ஒடித்துத் திருப்பி அந்த மூலைக்குள் இறக்கினான்.

வெங்கடய்யாவின் மனைவி விதைக்கூடையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, அலமேலுவைப் பார்த்து, வா என்று தலையசைத்தாள்.